லேலண்டும் அம்பத்தூரும்

தோற்றுவாய்

குமணன்சாவடி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே, தமிழ் பயிலும் எமக்கு, தன் தலையையே புலவர்க்கு ஈய முன்வந்த முதிரமலைக் குமணனின் நினைவு எழுவது இயல்பு. ஆயின் வைகறையில் அச்சாவடியில் வந்து நிற்பார்க்கு முதற்கண் கட்புலனாவது வேறொரு பெயர். பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் பலவற்றின் முகப்பிலே 'அசோக் லேலண்டு' என்னும் எழுத்துக்கள் விளங்குகின்றன. நாள்தோறும் அவற்றில் ஏறியிறங்கும் பல்லாயிரவருள், 'லேலண்டு' என்பது ஓர் ஊரின் பெயர் என அறிந்தார் மிகச் சிலரே. அது வட இங்கிலாந்தில் லங்காஷயர் கோட்டத்தைச் சேர்ந்ததொரு சிறிய தொழில் நகரம்.

கடல் பல கடந்து அவ்வூர்ப்பெயர் எம்மூர்ச் சாலைக்கு வந்தது எங்ஙனம்? தொழில் நகரம் என்பது யாது? எம்மூரின் வடபால் விளங்கும் ஆவடியும் அம்பத்தூரும் அவ்வட இங்கிலாந்து நகரங்களோடு எவ்வகை உறவுடையன? தொழில் நீங்கிய பின்னர்த் தொழில் நகரம் என்னாகும்? இவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியிற் கூறிய வினா எமக்கு வெறும் ஏட்டு வினா அன்று. எம் தெருவில் வாழ்வார் பலர்க்கு அது சோற்று வினாவாகும்.

தொழில் நகரம் யாது?

நம் பழந்தமிழ் நூல்களில் நகரங்கள் பல பேசப்படுகின்றன. மதுரைக்காஞ்சி கூறும் மதுரையிலே சங்கறுப்பாரும் பொற்கொல்லரும் ஆடை விற்பாரும் உளர். பட்டினப்பாலை கூறும் காவிரிப்பூம்பட்டினத்திலே பல நாட்டுப் பண்டங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆயினும் அவற்றைத் தொழில் நகரம் என யாம் கூறுவதில்லை. மதுரை அரசனாலும் கோயிலாலும் நகராயிற்று. புகார் துறைமுகத்தால் நகராயிற்று. தொழிலாளர் அந்நகர மக்களின் தேவையை நிரப்பும்பொருட்டு ஆங்கு வந்து குடியேறினர். ஊர் முன்னது, தொழில் பின்னது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இங்கிலாந்திலே இம்முறை தலைகீழாயிற்று. நீராவிப் பொறி ஆலைகளிற் புகுந்தது. அதற்கு உணவாகிய நிலக்கரி லங்காஷயர் மண்ணிலேயே கிடைத்தது. பஞ்சுப் பொதிகளை இறக்குதற்கு லிவர்ப்பூல் துறைமுகம் அண்மையிலிருந்தது. ஆகவே ஆலைகள் முதலில் எழுந்தன. அவற்றைச் சூழ வீடுகள் பின்னர் எழுந்தன. 1801ஆம் ஆண்டில் ஒரு நூறாயிரத்திற்கும் குறைந்த மக்களையுடைய மாஞ்செஸ்டர் நகரம், 1851ஆம் ஆண்டில் மூன்று நூறாயிரம் மக்களையுடையதாயிற்று. 1830இல் லிவர்ப்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தொழில் முன்னது, ஊர் பின்னது என்னும் இந்நிலையே தொழில் நகரத்தின் இலக்கணம் என்க.

இவ்விலக்கணத்துள்ளேயே அதன் வலிமையும் அடங்கும்; நலிவும் அடங்கும். தொழில் வளரின் ஊர் ஒரு தலைமுறையிலே மும்மடங்கு பெருகும். தொழில் தளரின், ஊர் தன்னைத் தாங்குதற்கு வேறொரு தூணும் இன்றி நிற்கும். 1861ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆங்கிருந்து வரும் பஞ்சு நின்றது. லங்காஷயரிலே பொறிகள் இருந்தன, கரி இருந்தது, கைகளும் இருந்தன, பஞ்சு ஒன்று இல்லாமையால் பல நூறாயிரம் மக்கள் பசித்திருந்தனர். கண்காணாத நாட்டில் நிகழ்ந்த போர் தம் அடுப்பை அவிக்கும் என்பதனை உலகில் முதன்முதலிற் பெருந்தொகையாக உணர்ந்த தொழிலாளர் அவர்களே எனலாம்.

மற்றொரு நிகழ்ச்சி நம் நாட்டோடு நேரே தொடர்புடையது. 1931ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வட்டமேசை மாநாட்டின்பொருட்டு இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், லங்காஷயரிலுள்ள டார்வென் என்னும் ஊருக்குச் சென்றார். இந்தியர் அயல் துணியை விலக்கியதனாலும் அவ்வூர் ஆலைகளில் வேலை குறைந்திருந்தது. வேலையிழந்தாரே அடிகளை அன்புடன் வரவேற்றனர். தம் நாட்டுச் சிற்றூர்களில் அவர்களினும் கொடிய வறுமையில் வாடுவாரைப் பற்றி அடிகள் அவர்களுக்கு எடுத்துரைத்தார். ஒரு நாட்டின் நெசவாளர் வாழ்வும் மற்றொரு நாட்டின் நெசவாளர் வாழ்வும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுக்களாக நின்ற அக்காலத்தை நினைக்குந்தோறும், தொழில் நகரங்கள் தனித்து வாழ்வன அல்ல என்னும் உண்மை எமக்குப் புலனாகின்றது.

லேலண்டு வந்த வழி

இனி லேலண்டைக் காண்போம். 1896ஆம் ஆண்டில் அவ்வூரில் நீராவியால் இயங்கும் வண்டிகளைச் செய்யும் ஒரு குழுமம் தோன்றியது. 1907ஆம் ஆண்டில் அது லேலண்டு மோட்டார்ஸ் எனத் தன் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அதன் சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் உலகின் பல பகுதிகளுக்குச் சென்றன.

நம் நாடு விடுதலையுற்ற மறு ஆண்டாகிய 1948இல், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்னும் குழுமம் நிறுவப்பட்டது. பின்னர் லேலண்டார் அதனொடு கூட்டுச் சேர்ந்தமையால், 1955ஆம் ஆண்டு முதல் அஃது அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. இவ்வாறே லங்காஷயர் ஊர் ஒன்றின் பெயர் குமணன்சாவடி வந்து சேர்ந்தது.

தாய்க்குழுமத்தின் பிற்கால வரலாறு வேறு. 1968இல் அது பல மோட்டார்க் குழுமங்களோடு இணைக்கப்பட்டுப் பிரிட்டிஷ் லேலண்டு என்னும் பெருநிறுவனமாயிற்று. அப்பருமையே அதற்குச் சுமையாயிற்று. 1975இல் அரசாங்கமே அதனைத் தாங்க வேண்டியதாயிற்று. பின்னர் அது பல கூறாகச் சிதைந்தது. இன்று அவ்வூரிலே சரக்கு வண்டித் தொழில் நிலைத்திருப்பினும், அதனை நடத்துவது ஓர் அமெரிக்கக் குழுமம். தாய்வீடு கைமாறியது, எண்ணூரிற் பிறந்த பிள்ளையோ தாயின் பெயரைச் சுமந்து தழைத்து நிற்கின்றது.

ஆவடியும் அம்பத்தூரும்

எம் வட்டாரத்துத் தொழிலூர்கள் தோன்றியவாற்றை இனி ஆராய்வோம். முதற்காரணம் வழி. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தென்னாட்டின் முதல் இரயில் இராயபுரத்தினின்றும் வாலாசாச் சாலைக்கு ஓடிற்று. அவ்விருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியே செல்கின்றது. தெற்கே பூவிருந்தவல்லிப் பெருஞ்சாலை மேற்கு நோக்கிச் செல்கின்றது. இவ்விரு வழிகளுக்கும் இடையே ஏரிகளும் கழனிகளும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடந்தன. நகருக்கு அணிமையும், நிலத்தின் அகலமும், இரயிலின் வசதியும் ஒருங்கு வாய்த்தமையே தொழிலை இங்கு ஈர்த்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடியில் படைக்குரிய பண்டகசாலைகள் எழுந்தன. ஆவடி என்னும் பெயரே படை ஊர்திகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் அமைந்தது என்று கூறுவார் உளர். அது பொருந்தாது. போர் ஊர்தித் தொழிற்சாலை தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரும் இரயில் நிலையமும் அப்பெயரைத் தாங்கி நின்றன. பிள்ளைக்குப் பின் பிறந்த பாட்டன் உளனோ?

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இந்திய தேசிய காங்கிரசின் அறுபதாவது மாநாடு யு. என். தேபர் தலைமையில் ஆவடியிற் கூடியது. சமதர்ம முறையிலமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சவகர்லால் நேரு திறந்துவைத்தார். பெருந்தொழில்களை அரசே நடத்துதல் வேண்டும் என்னும் எண்ணம் ஓங்கிய அக்காலத்தின் பயனாக, 1961ஆம் ஆண்டில் ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

வட இங்கிலாந்தின் கை மீண்டும் நம் மண்ணிற் படுவதனை இங்குக் காண்கின்றோம். இத்தொழிற்சாலை முதன்முதல் உருவாக்கிய டாங்கிக்கு 'விசயந்தா' என்பது பெயர். அதனை வகுத்தளித்தவர் விக்கர்ஸ் குழுமத்தார். அவர்தம் டாங்கித் தொழிற்சாலை வட இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரத்தில் இருந்தது. அதன் பொறியோ, யாம் மேலே கூறிய லேலண்டாரால் ஆக்கப்பட்டது. எனவே 1965ஆம் ஆண்டில் ஆவடியினின்றும் முதல் விசயந்தா வெளிவந்தபொழுது, இரண்டு வட இங்கிலாந்து நகரங்களின் கைத்திறன் ஆவடித் தொழிலாளர் கைக்கு மாறியது எனலாம். அதன்பின் உருசிய முறை டாங்கிகளும், ஆவடி ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வகுத்த 'அர்ச்சுன்' டாங்கியும் அங்கு உருவாயின. பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்த கை, தானே படம் வரையக் கற்றது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல், அரசுத் துறையின் கீழிருந்த இத்தொழிற்சாலை, அரசுக்கே உரிய ஒரு குழுமத்தின் பகுதியாக மாற்றப்பட்டது.

அம்பத்தூரின் வரலாறு சிறிது வேறுபட்டது. 1949ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்துக் குழுமம் ஒன்றும் கூடி நிறுவிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம் அங்குச் சைக்கிள் செய்யத் தொடங்கியது. அண்மையிலுள்ள பாடியில் மோட்டார் வண்டிக்குரிய மின்கருவிகளும் சக்கரங்களும் செய்யும் சாலைகள் எழுந்தன. பின்னர், ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சராக இருந்த காலத்தில், 1964ஆம் ஆண்டில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அரசினர் அமைத்தனர்.

தொழிற்பேட்டை இயங்கும் முறை

தொழிற்பேட்டை என்பது யாது? ஒரு மோட்டார் வண்டியில் பல்லாயிரம் உறுப்புக்கள் உள. அவை அனைத்தையும் ஒரே சாலையிற் செய்தல் அரிது, செலவும் மிகுதி. ஆதலின் பெருஞ்சாலையார் சில உறுப்புக்களையே தாம் செய்து, ஏனையவற்றைச் சிறுபட்டறைகளிடம் ஒப்படைப்பர். ஒரு பட்டறை வார்ப்படம் வார்க்கும், மற்றொன்று கடைசல் பிடிக்கும், இன்னொன்று துளையிடும், வேறொன்று முலாம் பூசும். இச்சிறுபட்டறைகளுக்கு நிலமும், சாலையும், மின்சாரமும், நீரும் ஓரிடத்தே அமைத்துக் கொடுப்பதே தொழிற்பேட்டை. தாய்க்கோழியைச் சூழ்ந்த குஞ்சுகள்போலப் பெருஞ்சாலையைச் சூழ்ந்து இவை வாழ்கின்றன.

விடுமுறையில் ஒரு நாள் அத்தகைய பட்டறை ஒன்றனைக் காணச் சென்றோம். நான்கு லேத்துப் பொறிகளும், ஒன்பது தொழிலாளரும் உள்ள சிறிய இடம் அது. சுழலும் இரும்புத் தண்டின்மேல் உளி படுந்தோறும், நீலநிறச் சுருள்கள் மயிர்போல் உதிர்ந்தன. முதிய டர்னர் ஒருவர், ஒரு தண்டைக் கையிற் கொண்டு, அளவுக்கருவியை வைக்குமுன்னரே, "இன்னும் ஒரு நூல் குறைய வேண்டும்," என்றார். அளந்து பார்த்தபொழுது அவர் கூறியதே சரியாயிற்று. வியந்து நின்ற எம்மை நோக்கி, "முப்பத்திரண்டு வருடம், தம்பி, விரலுக்குக் கண் வந்துவிடும்," என்று சிரித்தார். கல்லூரியில் யாம் கற்கும் கல்வியினும் அவர் விரலிற் குடிகொண்ட கல்வி குறைந்ததோ என எண்ணினோம்.

அப்பட்டறைக்கு உரியவரும் முன்னர் டர்னராயிருந்தவரே. அவர் உரைத்த இன்னல்கள் பல. செய்து கொடுத்த பண்டத்திற்குரிய பணம் கைக்கு வர மூன்று திங்கள் ஆகின்றது என்றார். சிறுதொழிலார்க்கு 45 நாளுக்குள் பணம் தருதல் வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எனினும் தமக்கு வேலை தரும் பெரியார்மேல் வழக்காடத் துணியும் சிறியார் எத்துணையர்? 2008ஆம் ஆண்டினை அடுத்து நம் நாட்டில் நிகழ்ந்த நீண்ட மின்வெட்டிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் பேட்டையினுள் நீர் புகுந்து பொறிகள் பழுதுற்றபொழுதும் பட்ட துயரத்தை அவர் கூறக் கேட்டோம். ஏரி சூழ்ந்த நிலத்திற் சாலை அமைப்பார், நீர் தன் பழைய வழியை மறவாது என்பதனை மறத்தலாகாது. கழிவுநீரால் அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் கெட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. மாஞ்செஸ்டரின் ஆறுகள் ஒரு நூற்றாண்டின் முன் அடைந்த நிலையை நம் ஏரிகளும் அடைய விடுதல் அறிவுடைமை அன்று.

தொழில் நீங்கின்?

இனி, முதற்கண் எழுப்பிய சோற்று வினாவுக்கு வருவோம். லங்காஷயரின் பஞ்சாலைகள் இருபதாம் நூற்றாண்டிலே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நம் சென்னையிலும் அது நிகழாமலில்லை. 1876ஆம் ஆண்டில் தோன்றிய பக்கிங்காம் ஆலையும், அதனை அடுத்துத் தோன்றிய கர்நாடிக் ஆலையும் பெரம்பூர் வட்டாரத்தின் உயிராயிருந்தன. 1918ஆம் ஆண்டில் பி. பி. வாடியாவும், முன்னர் இராயப்பேட்டை வெசுலிக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த திரு. வி. கலியாணசுந்தரனாரும் பிறரும் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டது அவ்வாலைத் தொழிலாளர்பொருட்டே. நூற்றிருபது ஆண்டு வாழ்ந்து, 1996இல் அவ்வாலைகள் மூடப்பட்டன. அம்பத்தூரில் 1959ஆம் ஆண்டு முதல் விளங்கிய டன்லப் டயர்த் தொழிற்சாலையும் மூடியும் திறந்தும் தளர்ந்து இறுதியில் நின்றுபோயிற்று. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருப்பெரும்புதூரில் 2006இல் திறக்கப்பட்ட நோக்கியாத் தொலைபேசித் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. முன்னவை நூறாண்டும் ஐம்பதாண்டும் வாழ்ந்தன. பின்னது எட்டாண்டே வாழ்ந்தது. தொழிற்சாலைகளின் ஆயுள் குறுகிவருகின்றது என்பதனை இதனால் உணரலாம்.

எம் தெருவில் அக்கையார் ஒருவர் உளர். பள்ளி முடித்தவுடன் ஒரு பெருந்தொழிற்சாலையிற் சேர்ந்து ஆறாண்டு உழைத்தார். வைகறை ஐந்தரை மணிக்குச் சாவடியில் நின்று நிறுவனப் பேருந்தில் ஏறுவார். அவர் ஊதியத்தால் தம்பியர் இருவர் படித்தனர். ஒரு நாள் சாலை மூடப்பட்டது. ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டனர். இப்பொழுது தையற்கடை ஒன்றில் வேலை செய்கின்றார். யாம் டர்னரைப் பற்றிக் கூறியபொழுது அவர் உரைத்தது எம் நெஞ்சில் நிலைத்துவிட்டது: "அவர் கைக்கு எந்தப் பட்டறையிலும் வேலை உண்டு, தம்பி. ஆறு வருடமும் என் கை ஒரு சிறு தகட்டை ஒரு குழியில் வைத்தது. அந்த வேலை அந்த ஒரு கட்டடத்தில்தான் இருந்தது."

இச்சொற்களுள் ஒரு பெரிய பொருளியல் உண்மை அடங்கியுள்ளது. தொழிலாளன் கற்ற திறம் அவனோடு செல்வதாயின், சாலை மூடப்படினும் அவன் அழியான். அத்திறம் பொறிக்கும் கட்டடத்திற்குமே உரியதாயின், அவை நீங்கும்பொழுது அவன் வெறுங்கையனாவான். ஊருக்கும் இஃது ஒக்கும். ஒரே முதலாளியை நம்பிய ஊர் ஒரே நாளில் வீழும். பலவகைத் திறம் படைத்த பட்டறைகள் மலிந்த ஊர், ஒன்று வீழினும் மற்றொன்றால் எழும். பெருஞ்சாலைகள் சில நின்றபின்னும் அம்பத்தூர் இன்றும் உயிரோடிருத்தற்குக் காரணம், அதன் சந்துகளிலுள்ள சிறுபட்டறைகளும், அவற்றுள் விரலாற் காணும் கைகளுமே என்பது எம் கருத்து.

ஆயின் அக்கையாரைப் போன்றார்மேற் குற்றமில்லை. அவர்க்கு வேறு தொழிலைக் கற்பிக்க யாரும் முன்வரவில்லை. பெருந்தொழிற்சாலைகளை வரவேற்று நிலமும் வரிச்சலுகையும் அளிக்கும் அரசினர், அவற்றில் உழைப்பார்க்கு ஓராண்டில் ஒரு திங்களேனும் பிறிதொரு தொழிலைக் கற்பித்தல் வேண்டும் என்னும் கட்டளையையும் உடன் விதித்தல் நன்று.

முடிவுரை

அயர்லாந்தினின்றும் பிழைக்க வந்தார் அன்று மாஞ்செஸ்டரை வளர்த்ததுபோல, இன்று பீகார், ஒடிசா முதலிய நாடுகளினின்றும் வந்தார் எம் பேட்டைகளை வளர்க்கின்றனர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலே அவர்கள் ஊர் திரும்ப வழியின்றி நின்றமையை யாம் கண்டோம். அவர்கள் நிரப்பிய இடம் எத்துணைப் பெரிது என்பதனை அவர்கள் சென்றபின் பட்டறைகளின் அமைதி உணர்த்தியது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனில் என்ன கடமை என வினவலாம். கடைசல், வார்ப்படம், பிசிறு, முலாம் எனப் பட்டறையில் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுத்தல் ஒன்று. கைத்தொழிலாளர் அறிவும் அறிவே என மதித்தல் மற்றொன்று. திரு. வி. க. இரண்டனையும் செய்து காட்டினார்.

குமணன்சாவடியில் இப்பொழுது மெட்ரோ இரயிலின் தூண்கள் எழுந்து நிற்கின்றன. புதிய வழி வரின் புதிய தொழிலும் வரும். அது வருங்கால் ஊர்ப்பெரியோர் கேட்கவேண்டிய வினா, எத்துணைப் பேருக்கு வேலை கிடைக்கும் என்பது மட்டுமன்று. அத்தொழில் நீங்கும் நாளில் எம் மக்கள் கையில் எஞ்சுவது யாது என்பதுமாகும். பெயரளவில் மட்டும் ஒரு வள்ளலை நினைவூட்டும் எம்மூர், அவ்வினாவைக் கேட்கக் கற்குமாயின், வைகறைப் பேருந்துக்குக் காத்துநிற்கும் தங்கையர் பலர் வாழ்வு காக்கப்படும்.